பொருள் தெரியாமல் கேட்பவர்கள்: காவிரிப் படுகையில் ஒரு கொரிய ஆல்பம்

2022 செப்டம்பர் 16, வெள்ளிக்கிழமை. பாபநாசத்துக்குப் பக்கத்தில் ஒரு நேரடி நெல் கொள்முதல் நிலையம். குறுவை நெல்லைக் களத்தில் குவித்துவிட்டு, தார்ப்பாயை மடக்கி அதன் மேல் உட்கார்ந்திருந்தார் அப்பா. அந்த ஆண்டு மேட்டூர் அணையை வழக்கமான ஜூன் 12 வரை காக்கவைக்காமல் மே 24ஆம் தேதியே திறந்துவிட்டார்கள். புரட்டாசி பிறக்கும் முன்பே பல வயல்களில் அறுப்பு முடிந்து, மூட்டைக்கும் முறைக்கும் காத்திருக்கும் கூட்டம் சேர்ந்துவிட்டது. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் நெல்லை எடுக்கமாட்டார்கள். அப்பா குவியலில் கைவிட்டு, அடியிலிருந்து ஒரு நெல்லை எடுத்துப் பல்லில் வைத்துக் கடித்தார். "இன்னும் அரை வெயில் வேணும்" என்றார். சற்று நேரத்தில் ஈரப்பதக் கருவியும் ஏறக்குறைய அதையேதான் சொன்னது.

தாத்தாவுக்குச் சாப்பாடு எடுத்து வந்திருந்த என் அண்ணன் மகள் பக்கத்தில் காதில் இயர்போனுடன் இருந்தாள். கல்லூரிக்கு அன்று மட்டம். தென்கொரியப் பெண்கள் குழுவான பிளாக்பிங்க்கின் 'பார்ன் பிங்க்' ஆல்பம் அன்று காலை ஒன்பதரைக்கு வெளியாகியிருந்தது. சியோலில் அப்போது பகல் ஒரு மணி. எட்டுப் பாட்டு, மொத்தமே இருபத்தைந்து நிமிடத்துக்குள். வெயில் ஏறுவதற்குள் மூன்று முறை கேட்டு முடித்துவிட்டு என்னிடம் சொன்னாள்: "மூணு பாட்டுக்காக ஆல்பம் போட்டிருக்காங்க அத்தை. மிச்சத்தைச் சும்மா நெரப்பி வெச்சிருக்காங்க."

அவளுக்குக் கொரிய மொழி தெரியாது. அன்றைக்கு ஓர் எழுத்துகூடத் தெரியாது. இருந்தும் அவள் குரலில் தயக்கமே இல்லை. பொருள் தெரியாத பாட்டைப் பற்றி இவ்வளவு உறுதியாகத் தீர்ப்புச் சொல்ல ஒருவருக்கு என்ன தகுதி என்ற கேள்வி அப்போது என் வாய்வரை வந்தது. கேட்கவில்லை. பின்னர் யோசித்தபோது, அந்தக் கேள்வியை அவளிடம் கேட்பதற்கு முன் இந்த ஊரிடம் கேட்க வேண்டும் என்று தோன்றியது. தஞ்சாவூர்ச் சீமை நான்கு நூற்றாண்டுகளுக்கும் மேலாகச் செய்துவருவது இதையேதான்.

ஒரு நோட்டுப் புத்தகம்

அவள் தன் கருத்துகளை ஒரு நீள நோட்டில் எழுதி வைப்பாள். பக்கத்தைக் கோடு போட்டுப் பிரித்து, பாட்டின் பெயர், குரல், தாளம், 'திரும்பக் கேட்பேனா' என்று நான்கு கட்டம். 'பார்ன் பிங்க்' பக்கத்தை அவள் அனுமதியோடு படித்தேன்.

முதல் பாட்டு 'பிங்க் வெனம்'. ஆல்பத்துக்கு முன்பாகவே, ஆகஸ்ட் 19 அன்று, தனியாக வந்தது. 'ஆரம்பத்தில் வரும் கம்பி வாத்தியம் என்ன?' என்று கேட்டு, விடையையும் அவளே தேடி எழுதியிருந்தாள்: கொமுங்கோ. இரண்டாவது 'ஷட் டவுன்'. இத்தாலிய வயலின் மேதை பாகனினி 1826இல் அமைத்த இரண்டாவது வயலின் கான்செர்ட்டோவின் கடைசிப் பகுதியான 'லா கம்பனெல்லா'விலிருந்து ஒரு துண்டை எடுத்து, அதன் மேல் ராப் கட்டிய பாட்டு. பள்ளி நாட்களில் நான்கு வருடம் வயலின் கற்றவள் என்பதால் இதற்கு மட்டும் அரைப் பக்கம் ஒதுக்கியிருந்தாள். 'ஹார்ட் டு லவ்' ரோஸே மட்டும் பாடியது; குழுவின் ஆல்பத்தில் தனிப்பாட்டு எதற்கு என்று ஓர் ஆட்சேபம். 'தி ஹேப்பியஸ்ட் கேர்ள்', 'டாலி' இரண்டும் ஆங்கிலம். கடைசியாக வரும் 'ரெடி ஃபார் லவ்' ஒரு கைபேசி விளையாட்டுக்காக ஜூலையிலேயே வெளியிடப்பட்டது. 'பழைய சோறு' என்று இரண்டே சொல்லில் முடித்திருந்தாள். நான்காவதான 'யா யா யா'வுக்கு எதிரே வெறும் கோடு.

கொஞ்சம் பின்னணியும் வேண்டும். ஜிசூ, ஜென்னி, ரோஸே, லிசா என்ற நால்வர் குழு இது. ஒய்ஜி என்டர்டெயின்மென்ட் நிறுவனம் 2016 ஆகஸ்டில் அறிமுகப்படுத்தியது. லிசா தாய்லாந்துக்காரர், ரோஸே நியூசிலாந்தில் பிறந்து ஆஸ்திரேலியாவில் வளர்ந்தவர். மேடை ஏறும் முன் நால்வரும் நான்கு முதல் ஆறு ஆண்டுகள் நிறுவனத்தின் பயிற்சியில் இருந்தார்கள். முதல் முழு ஆல்பம் 2020 அக்டோபரில் வந்தது. இரண்டாவதுதான் 'பார்ன் பிங்க்'. அமெரிக்காவின் பில்போர்டு ஆல்பப் பட்டியலில் முதலிடம் பிடித்த முதல் கொரியப் பெண்கள் குழு ஆல்பம் இது, பிரிட்டனிலும் அப்படியே.

இந்த முதலிடம் அவளுடைய நோட்டில் ஓரிடத்திலும் இல்லை. கருவியைப் பார்க்காமல் பல்லில் கடித்துப் பார்த்தவள் அவள். தாத்தாவின் பேத்தி.

தெலுங்கும் மராத்தியும் கேட்ட காது

பொருள் புரியாத பாட்டு நமக்கு அந்நியம் என்று சொல்வது தஞ்சாவூரில் எடுபடாது. 1532இல் தொடங்கிய நாயக்கர் ஆட்சியில் அரசவையின் இலக்கிய மொழி தெலுங்கு. 1676இலிருந்து மராத்தியர் ஆட்சி. 1855 வரை தெலுங்கோடு மராத்தியும் சமஸ்கிருதமும் அரண்மனையில் புழங்கின. திருவாரூரில் பிறந்த சங்கீத மும்மூர்த்திகளில் தியாகராசரும் சியாமா சாஸ்திரியும் பெரும்பாலும் தெலுங்கில் பாடினார்கள். முத்துசுவாமி தீட்சிதர் சமஸ்கிருதத்தில். சுற்றி நெல் விளைவித்த ஜனம் பேசியது தமிழ்.

மெலட்டூருக்குப் போனால் இதைக் கண்ணால் பார்க்கலாம். அச்சுதப்ப நாயக்கர் காலத்தில் தெலுங்கு பேசும் குடும்பங்களுக்கு நிலம் கொடுத்துக் குடியேற்றிய ஊர். நரசிம்ம ஜயந்தியை ஒட்டி அங்கே பாகவத மேளா நடக்கும். மெலட்டூர் வெங்கடராம சாஸ்திரி எழுதிய தெலுங்கு நாட்டிய நாடகங்கள், பெண் வேடத்தையும் ஆண்களே கட்டி, விடிய விடிய ஆடப்படும். பார்க்க வருகிறவர்களில் தெலுங்கு தெரிந்தவர்கள் சிலர்தான். மற்றவர்களுக்குக் கதை தெரியும். பிரகலாதன் எந்த இடத்தில் அழுவான், தூண் எப்போது பிளக்கும் என்பது தெரியும். சொல் விடுபட்ட இடத்தைக் கதையும் ராகமும் அபிநயமும் நிரப்பிவிடும். நம் பிள்ளைகள் கொரியப் பாட்டின் காணொளியைப் பார்க்கும்போது நடப்பதும் பெரும்பாலும் இதுதான். நடன அசைவும் முகபாவமும் உடையும் சேர்ந்து சொல்லின் வேலையில் பாதியைச் செய்துவிடுகின்றன.

சொல்லே இல்லாத இசைதான் இந்த மண்ணின் ஆகப் பெரிய கொண்டாட்டம் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சுவாமி புறப்பாட்டில் நாகசுரத்தில் மல்லாரி ஒலித்தால் ஊர் எழுந்துகொள்ளும். அதில் ஒரு சொல்கூடக் கிடையாது. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி என்றால் நாலு ஊர் தாண்டி நடந்துபோய்க் கேட்ட தலைமுறை என் தாத்தாவுடையது. ராஜரத்தினத்தின் தோடி இசைத்தட்டாகவும் வந்தது. வீதியில் மணிக்கணக்கில் விரிந்த ராகம், பக்கத்துக்கு ஏறக்குறைய மூன்றரை நிமிடம் பிடிக்கும் தட்டுக்குள் அடங்க வேண்டியதாயிற்று. அதைக் கேட்டவர்கள் இரண்டு தோடிகளையும் ஒப்பிட்டுப் பேசியிருக்கிறார்கள். தட்டில் எது விட்டுப்போயிற்று என்று சொல்வதும் ரசிகனின் வேலையாக இருந்தது. பாட்டைப் பற்றிய கருத்து போய், பதிவைப் பற்றிய கருத்து என்ற ஒன்று இங்கே உருவானது அப்போதுதான். ஆல்பத்தைப் பற்றிய அபிப்பிராயத்துக்கு அதுவே மூதாதை.

கல்கி கேட்ட கேள்வி

பொருள் தெரியாமல் ரசிப்பதற்கு எதிர்வாதமும் இதே மண்ணிலிருந்துதான் வந்தது, அதுவும் பலமாக. மயிலாடுதுறைப் பக்கம் புத்தமங்கலத்தில் 1899இல் பிறந்த கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தி, ஆனந்த விகடனில் 'கர்நாடகம்' என்ற புனைபெயரில் 'ஆடல் பாடல்' பகுதியை எழுதினார். கச்சேரி விமர்சனம் என்றால் வித்துவான்களுக்குள் பேசிக்கொள்ளும் சங்கேதம் என்றிருந்த நாளில், சபாவில் கடைசி வரிசையில் உட்கார்ந்த ரசிகனின் கண்ணோடும் கேலியோடும் எழுதியவர். சாஸ்திரப் பட்டம் இல்லாத ஆளும் தன் காதை நம்பிக் கருத்துச் சொல்லலாம் என்ற தைரியத்தைப் பத்திரிகை வாசகர்களுக்குக் கொடுத்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

அவரேதான் தமிழிசை இயக்கத்தின் முன்னணியிலும் நின்றார். 1941இல் தேவகோட்டையில் தமிழிசை மாநாடு. 1943இல் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் முயற்சியில் சென்னையில் தமிழ் இசைச் சங்கம். அந்த இயக்கத்தின் கேள்வி எளிமையானது: சாகித்தியம் புரியாமல் தலையாட்டுவது எப்படி முழு ரசனை ஆகும்? பாடுகிறவரே பொருள் அறியாமல் பாடினால் பாவம் எங்கிருந்து வரும்? திருவையாற்றிலேயே இந்தப் பூசல் வெடித்தது. 1940களின் நடுவில் அங்கே நடந்த தியாகராச ஆராதனையில் எம். எம். தண்டபாணி தேசிகர் தமிழ்ப் பாட்டுப் பாடியதை ஒட்டி எழுந்த சர்ச்சையில், இளைஞரான மு. கருணாநிதி 'குடி அரசு' இதழில் 'தீட்டாயிடுத்து' என்ற தலைப்பில் எழுதினார்.

கல்கியின் கேள்வியை இன்று என் அண்ணன் மகள் பக்கம் திருப்பினால் என்ன ஆகும்? ஒரு வேறுபாடு உடனே கண்ணில் படுகிறது. அன்று தமிழிசைக்காரர்கள் எதிர்த்தது தெலுங்கை என்பதைவிட, மேடையில் தமிழுக்கு இடம் மறுத்த அதிகாரத்தை. கொரியப் பாட்டு யாருடைய மேடையையும் பறித்துக்கொண்டு அவளிடம் வரவில்லை; அவளாகத் தேடிப் போனாள். ஆனாலும் கேள்வியின் பாதி மிச்சமிருக்கிறது. பொருள் தெரிந்தால் தீர்ப்பு மாறுமா? அதற்கு விடை அவளுடைய நோட்டிலேயே பின்னால் வந்தது.

கம்பியும் மெட்டும்

அதற்கு முன் 'ஷட் டவுன்' பற்றி அவள் எழுதிய அரைப் பக்கத்துக்கு வருகிறேன். வயலினும் தஞ்சாவூருக்கு வெளியூர்ச் சரக்குத்தான். தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி ஐரோப்பியரிடம் கற்று அதைக் கர்நாடக இசைக்குள் கொண்டுவந்தார் என்பது பரவலாகச் சொல்லப்படும் வரலாறு. தஞ்சை நால்வர் எனப்படும் சகோதரர்களில் இளையவரான வடிவேலு வயலினில் தேர்ந்தவர். 1834இல் திருவிதாங்கூர் மகாராஜா சுவாதித் திருநாள் அவருக்குத் தந்த வயலின் தந்தத்தால் ஆனது. இரண்டாம் சரபோஜியின் அரண்மனையில் மேனாட்டுப் பாண்டு வாத்தியக் குழு இருந்தது. தீட்சிதரோ வெள்ளைக்காரப் பாண்டு மெட்டுகளைக் கேட்டு, அவற்றின் மேல் சமஸ்கிருதச் சொல் பொருத்தி நோட்டுஸ்வர சாகித்தியங்களாக ஆக்கினார். பிரிட்டிஷ் அரச வாழ்த்தின் மெட்டும் அவற்றில் ஒன்று. பாகனினியின் மெட்டை எடுத்துக் கொரியச் சொல் பொருத்தும் இன்றைய இசையமைப்பாளரைப் பார்த்துத் திருவாரூர்க்காரர் முகம் சுளித்திருப்பார் என்று நான் நினைக்கவில்லை.

என் அண்ணன் மகளின் குறை வேறு. அன்று களத்தில் அவள் இயர்போனின் ஒரு பக்கத்தைத் தாத்தாவின் காதில் வைத்தாள். வயலின் துண்டு வந்தது. அப்பா தலையைச் சாய்த்தார். அதே துண்டு மறுபடி வந்தது. மறுபடியும். முழுப் பாட்டையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு இயர்போனைக் கழற்றித் துண்டில் துடைத்துக் கொடுத்தார்.

"நல்லாத்தான் இருக்கு ஆயி. ஆனா எடுத்த எடத்துலயே நிக்குது."

அன்று இரவு அவள் நோட்டில் எழுதியது: 'சங்கதி வளரவில்லை. ஒரே வரியை ஒட்டி ஒட்டி வைத்திருக்கிறார்கள். ஆனால் அதன் மேல் ஜென்னியும் லிசாவும் ராப் சொல்லும் இடத்தில் தாளம் நகர்கிறது. வயலின் சுருதிப்பெட்டி மாதிரி நிற்க, குரல் மிருதங்கம் மாதிரி ஓடுகிறது.'

இந்த நான்கு வரியில் உண்மையான ஆய்வு இருக்கிறது. ஒரு வரியை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு முறையும் சிறிது மாற்றி, ஏற்றி, விரித்துப் போகும் சங்கதி முறையைக் கிருதிக்குள் வளர்த்தெடுத்தவர் தியாகராசர் என்பார்கள். அந்தக் காதோடு கேட்பவருக்கு, வெட்டி ஒட்டிய மாதிரித் துண்டு ஒரு குறைபாடாகவே படும். ராப் இசையின் இலக்கணமோ வேறு. அங்கே மெட்டு நிற்க வேண்டும், சொல்லின் தாளம்தான் நடக்க வேண்டும். அவள் முதல் இரண்டு வரியில் தாத்தாவின் காதால் கேட்டாள். மூன்றாவது வரியில் பாட்டின் சொந்த இலக்கணத்தால் கேட்டாள். கடைசியில் இரண்டையும் தன் ஊர் வாத்தியங்களின் பெயரால் இணைத்துவிட்டாள். கொரியச் சொல் ஒன்றுக்கும் பொருள் தெரியாமலே.

'பிங்க் வெனம்' தொடக்கத்தில் வரும் கொமுங்கோவையும் இப்படியே பிடித்தாள். காணொளியில் ஜிசூ அதை மீட்டுவதாக ஒரு காட்சி வரும். ஆறு பட்டுக் கம்பி, பதினாறு மெட்டு, மீட்டுவதற்கு மூங்கில் குச்சி. தஞ்சாவூர் வீணைக்கு ஏழு கம்பி, இருபத்து நான்கு மெட்டு. அந்த அமைப்பை ரகுநாத நாயக்கர் காலத்தோடு சேர்த்துச் சொல்வது வழக்கம். பலாமரத்தைக் குடைந்து, தண்டியின் மேல் மெழுகு வார்த்து, அதில் ஒவ்வொரு மெட்டாகச் சுருதி பார்த்துப் பதிப்பார்கள். அந்த வேலையை அவள் பள்ளிச் சுற்றுலாவில் பார்த்திருக்கிறாள். 'கம்பி அதிர்வது குறைவு, அடிக்கும் சத்தம் அதிகம். நம் வீணை மாதிரி இழுக்காது, தட்டும்' என்பது கொமுங்கோ பற்றிய அவள் குறிப்பு. குச்சியால் அடித்து வாசிப்பதால் அந்த ஓசை என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டாள்.

கட்சிகள்

ரசிகரின் கருத்து எப்போதும் இப்படித் தூய்மையாக இருக்கிறதா? இல்லை. பிளாக்பிங்க்கின் ரசிகர்களுக்குப் 'பிளிங்க்' என்று பெயர். ஆல்பம் என்பது குறுந்தட்டு மட்டுமில்லை. புகைப்படப் புத்தகம், அட்டைகள், எந்த முகம் வரும் என்று தெரியாமல் உள்ளே வைத்த போட்டோகார்டு. விரும்பிய முகம் வரும்வரை ஒரே ஆல்பத்தை இரண்டு மூன்று வாங்குகிறவர்கள் உண்டு. நம் ஊர்ப் பிள்ளைகள் பத்துப் பேர் சேர்ந்து 'குரூப் ஆர்டர்' போட்டு, தபால் செலவைப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். இவளுடைய கைபேசியின் கண்ணாடி உறைக்குள்ளும் ஒரு லிசா இருக்கிறார். பட்டியலில் ஏற்றுவதற்காகக் காதில் விழாமலே இரவெல்லாம் பாட்டை ஓடவிடுவதும் உண்டு. இந்த ஆல்பம் வந்தபோது பில்போர்டு கணக்கில் கட்டணச் சந்தாவில் 1,250 முறை ஓடினால் ஓர் ஆல்பம் விற்றதாகக் கொண்டார்கள்; அந்த எண்ணைக் குறிவைத்து உழைப்பதும் ரசிகர் கடமையாகிவிட்டது. அந்த உழைப்பில் இறங்கியவரால் 'ஆல்பம் சுமார்' என்று வாய் திறக்க முடியாது. சொன்னால் சொந்தக் கட்சிக்காரர்களே பாய்வார்கள்.

கட்சி என்ற சொல்லும் திருவையாற்றுக்குப் பழக்கமானதே. தியாகராச ஆராதனையை யார் நடத்துவது என்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பெரிய கட்சி, சின்ன கட்சி என்று பிரிந்துவிட்டார்கள். இரண்டு கட்சிகளிலும் பெண்களுக்குப் பாட இடமில்லை. அப்போது பெங்களூர் நாகரத்தினம்மாள் வந்தார். சிதைந்து கிடந்த தியாகராசர் சமாதி இருந்த இடத்தை வாங்கி, நகையையும் சொத்தையும் விற்று, 1921இல் அடிக்கல் நாட்டிக் கோவில் எழுப்பினார். 1925 ஜனவரியில் குடமுழுக்கு. அவர் கட்டிய கோவிலின் முன்னால் பாட அவருக்கே அனுமதி இல்லை. தேவதாசி மரபில் வந்த பெண் என்பதே காரணம். 1927இல் பாடகிகளைத் திரட்டிக் கோவிலின் பின்புறத்தில் தனியாக ஆராதனை நடத்தினார். அதற்குப் பெண்கள் கட்சி என்று பெயர் வந்தது. 1940களின் தொடக்கத்தில் எல்லாக் கட்சிகளும் ஒன்றானபோதுதான் பெண்களின் குரல் முன்பக்கம் வந்தது.

இதை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. பெண்கள் குழு பாடினால் குரலைப் பற்றிய பேச்சுக்கு முன்னால் பிறப்பையும் தோற்றத்தையும் பற்றிய பேச்சு வந்துவிடும். காவிரிக்கரையில் நடந்தது அது; சியோலின் ஹான் ஆற்றங்கரையில் நடப்பதும் அதுவே. பிளாக்பிங்க் பற்றிய விமர்சனங்களில் உடை, எடை, தோல், யார் யாரோடு போனார் என்பவை முக்கால் பங்கு. அவள் நோட்டின் நான்கு கட்டங்களில் 'அழகு' என்று ஒரு கட்டம் இல்லை. வேண்டுமென்றே விட்டாயா என்று கேட்டேன். "அதத்தான் எல்லாரும் எழுதுறாங்களே" என்றாள்.

குரல் யாருடையது என்ற கேள்வியும் இரண்டு கரைக்கும் பொது. குருகுலத்தில் வளர்ந்த சீடர் குருவின் பாணிக்குக் கட்டுப்பட்டவர். நிறுவனத்தில் வளர்ந்த பாடகி ஒப்பந்தத்துக்குக் கட்டுப்பட்டவர். 2023 டிசம்பரில் நால்வரும் குழுவாகப் பாட மட்டும் ஒய்ஜியோடு ஒப்பந்தத்தைப் புதுப்பித்துக்கொண்டு, தனிப்பாட்டுக்குத் தனித்தனி வழி தேடிக்கொண்டார்கள். குழு ஆல்பத்துக்குள் ஒரு தனிப்பாட்டு எதற்கு என்று அவள் எழுதிய ஆட்சேபத்தை அந்தச் செய்திக்குப் பிறகு திரும்பப் படித்தேன். பிரிவின் வாசனையைக் காது முன்கூட்டியே பிடித்ததாகச் சொல்வது மிகை. ஆனால் ஆல்பத்தில் தையல் தெரிந்த இடத்தை அவள் சரியாகத் தொட்டிருந்தாள்.

'நம்ம பொண்ணு'

தமிழர்கள் கொரியாவைப் பற்றிப் பேசத் தொடங்கினால் பேச்சு சீக்கிரமே உறவுமுறைக்குப் போய்விடும். அங்கேயும் அப்பாவுக்கு 'அப்பா'தான், அம்மாவுக்கு 'ஒம்மா'. வினை கடைசியில் வரும் சொல்லமைப்பும் நம்முடையதைப் போன்றதே. அமெரிக்க மிஷனரி ஹோமர் ஹல்பர்ட் கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு நூலே எழுதினார். பதின்மூன்றாம் நூற்றாண்டின் 'சம்குக் யூசா' என்ற கொரிய நூல் சொல்லும், கடல் தாண்டிப் போய்க் கொரிய மன்னரை மணந்த அயுதா நாட்டு இளவரசியைத் தமிழ்ப் பெண்ணாக்கும் முயற்சியும் நடக்கிறது. மொழியியலாளர்கள் இந்த மொழி உறவை ஏற்பதில்லை. குழந்தை வாயில் முதலில் வரும் ஒலிகள் உலகெங்கும் ஒன்றுபோல இருப்பது இயல்பு. சொல்வரிசை ஒற்றுமை ஜப்பானியம், துருக்கியம் என்று பலவற்றுக்கும் உண்டு. 1998இல் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் ஓடத் தொடங்கியதும், டிப்ளமோ படித்த டெல்டாப் பையன்கள் அந்த வட்டாரத் தொழிற்சாலைகளுக்கு வேலை தேடிப் பஸ் ஏறியதும்தான் உறுதியான உறவு.

ரத்தவழி உறவு வேண்டும் என்பவர்களுக்கு இப்போது லாரா ராஜகோபாலன் இருக்கிறார். ஹைப் என்ற கொரிய நிறுவனமும் அமெரிக்காவின் கெஃபன் நிறுவனமும் கொரியப் பயிற்சி முறையில் உருவாக்கிய 'கேட்ஸ்ஐ' குழுவின் ஆறு பெண்களில் ஒருவர். தமிழ் வம்சாவளி அமெரிக்கர். பொட்டு வைத்துக்கொண்டு மேடை ஏறுகிறவர். 2024 ஆகஸ்டில் அந்தக் குழுவின் முதல் சிறு ஆல்பம் ஐந்து பாட்டோடு வந்தபோது, இவளுடைய தோழிகளுக்குத் தலைகால் புரியவில்லை. இவள் நோட்டில் இப்படி ஒரு வரி: 'பொட்டைப் பார்த்தவுடன் சந்தோஷமாக இருந்தது. அதற்கு மதிப்பெண் கிடையாது.'

இரண்டு மை

2023இல் அவள் கொரிய எழுத்தைக் கற்றுக்கொண்டாள். 1446இல் செஜோங் மன்னர் வெளியிட்ட எழுத்து. அடிப்படை எழுத்துகள் இன்று இருபத்து நான்கு. மெய்யும் உயிரும் சேர்ந்து ஒரு கட்டமாக நிற்பதைப் பார்த்து, "உயிர்மெய் மாதிரிதான் அத்தை" என்று ஒரே வாரத்தில் பிடித்துவிட்டாள். சொல்லும் பொருளும் மெல்ல மெல்ல வந்தன. ஒரு வருடம் கழித்துப் பழைய பக்கத்தை எடுத்து, இம்முறை பச்சை மையில் எழுதினாள்.

முன்பு வெறும் கோடு மட்டும் இருந்த 'யா யா யா'வில்தான் பச்சை மை அதிகம். ஜிசூவும் ரோஸேயும் வரிகளில் கைவைத்த பாட்டு அது. பெரும்பாலும் கொரியத்தில் இருக்கிறது. தயங்கி நிற்கும் காதலை வாய்விட்டுச் சொல்லச் சொல்கிறது. 'மெட்டு சாதாரணம்தான். ஆனால் அவர்களே பேசுகிற மாதிரி இருக்கிறது. பொருள் தெரியாமல் இதைத் தாண்டிப் போயிருக்கிறேன்' என்று எழுதியிருந்தாள். கல்கிக்குக் கிடைத்த வெற்றி அது. சாகித்தியம் தெரியாத காது சில பாட்டுகளுக்குப் பெரிய அநியாயம் செய்யும். மெட்டில் எளிமையாகவும் சொல்லில் நெருக்கமாகவும் இருக்கும் பாட்டுகள்தான் முதலில் பலியாகும். தமிழிசைக்காரர்கள் எண்பது ஆண்டுகளுக்கு முன் சொன்ன இழப்பு இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

'ஷட் டவுன்' வரிசையில் பச்சை மை ஒரே ஓர் இடத்தில் இருந்தது. வரிகளின் பொருள் முழுக்க இப்போது அவளுக்குத் தெரியும். சாதித்துவிட்டோம், கடையைச் சாத்துங்கள் என்கிற வீம்பு. அதைப் பற்றி எதுவும் எழுதவில்லை. 'சங்கதி வளரவில்லை' என்ற பழைய நீல வரியின் கீழே ஒரு கோடு. அதன் ஓரத்தில் 'தாத்தா சொன்னது சரி' என்று மூன்றே வார்த்தையில் ஒரு குறிப்பு.